மாற்று ஆசிரியர் வரும் நாளில்

ஹவாயித் தீவுகளில் ஹவாயி மொழியையே பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் பலவற்றில் காலை வேளை வகுப்பறைக்கு வெளியே தொடங்குகிறது. பிள்ளைகள் வாசலுக்கு முன் வரிசையாக நின்று, உள்ளே வர அனுமதி கேட்டு ஒரு மரபுப் பாட்டை ஓதுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆசிரியர் வரவேற்புப் பாட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் பிள்ளைகள் அடியெடுத்து வைப்பார்கள். ஒரு நாள் வழக்கமான ஆசிரியருக்குக் காய்ச்சல், வந்திருப்பவர் மாற்று ஆசிரியர், அவருக்கு அந்தப் பாட்டு தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணி அடிப்பதற்குள் அன்றைய நாள் இடறிவிட்டது.

அந்த மாற்று ஆசிரியரைப் பற்றித்தான் இந்த உரை. அவர் கையில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் பாடக்குறிப்புக் கருவி ஒன்றைக் கொடுப்பதென்றால் அது எப்படி அமைய வேண்டும் என்பது கேள்வி. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். நம் ஊர்ப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் விடுப்பெடுத்தால் தலைமையாசிரியர் அறையிலிருந்து சீட்டு வரும். ஓய்வு வேளையில் இருந்த இன்னொருவர் முணுமுணுத்தபடி வந்து உட்காருவார். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அதனால் குடி முழுகிப்போவதில்லை. ஹவாயி மொழிப் பள்ளியில் பாடவேளையோடு மொழியும் போய்விடும். வந்தவருக்கு ஹவாயி மொழி வராவிட்டால் அந்த நாள் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். தெருவிலும் கடையிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலமே கேட்கும் பிள்ளைக்கு, ஹவாயி மொழி மட்டுமே ஒலிக்கும் இடமாக இருப்பது அந்த அறை ஒன்றுதான்.

அந்த அறை எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கவலை புரியும். 1893-இல் ஹவாயி அரசாட்சி கவிழ்க்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1896-இல், அரசுப் பள்ளி தனியார் பள்ளி இரண்டிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு அந்த மக்கள் எழுத்தறிவில் பின்தங்கியவர்களாக இருக்கவில்லை. 1834 முதல் 1948 வரை ஹவாயி மொழியில் செய்தித்தாள்கள் வந்தன. அச்சான பக்கங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அப்படியொரு மொழியில், 1980-களின் தொடக்கத்தில் சரளமாகப் பேசும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று கணித்தார்கள். நீஹாவ் என்ற சிறு தீவில் மட்டும் மொழி வீட்டில் உயிரோடிருந்தது.

1978-இல் மாநில அரசியல் சட்டம் ஹவாயி மொழியை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக ஏற்றது. ஆனாலும் பள்ளிச் சட்டம் அப்படியே கிடந்தது. 1984-இல் கவாயி தீவின் கெகாஹாவில் பூனானா லேயோ என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கியவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகவே தொடங்கினார்கள். 1986-இல் சட்டம் மாறியது. 1987-இல் ஓவாஹு தீவின் வாயாவிலும் ஹிலோ நகரின் கேயாவுகாஹாவிலும் அரசுப் பள்ளிக்குள்ளேயே ஹவாயி வழி வகுப்புகள் முளைத்தன. கையாபுனி என்பது இந்தத் திட்டத்தின் பெயர். பாடநூல் ஏது? பெற்றோர்கள் மாலை நேரங்களில் கூடி உட்கார்ந்து, ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் ஹவாயி வரிகளை வெட்டி ஒட்டினார்கள். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பசை மணக்கும் புத்தகங்களில்தான் படிக்கக் கற்றார்கள்.

இன்று இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஹவாயி வழிக் கல்வி நடக்கிறது. ஆங்கிலம் ஒரு பாடமாக நுழைவதே ஐந்தாம் வகுப்பில்தான். பிள்ளைகள் சேரத் தயார், பெற்றோர் தயார். ஆசிரியர்தான் இல்லை.

ஆசிரியர் பற்றாக்குறை நீதிமன்றம் வரை போன கதையும் உண்டு. மாவி தீவில் ஹவாயி வழியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண் குழந்தைகளின் தாய், லானாயி என்ற சிறிய தீவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஹவாயி வழி வகுப்பே கிடையாது. தகுதியான ஆசிரியர் கிடைக்கவில்லை என்றது கல்வித்துறை. தாய் வழக்குத் தொடுத்தார். ஹவாயி வழிக் கல்வி கிடைக்கச் செய்ய நியாயமான எல்லா முயற்சிகளையும் எடுப்பது மாநிலத்தின் அரசியல் சட்டக் கடமை என்று 2019 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில், ஹவாயி வழி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் கூடுதல் ஊதியம் என்று கல்வித்துறை அறிவித்தது; 2020 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நிரந்தர ஆசிரியருக்கே நிலைமை இதுவென்றால், காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு எட்டு மணிக்கு வகுப்பில் நிறுத்தும் மாற்று ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வந்து நிற்பவர் யார் என்பதிலிருந்துதான் கருவியின் வடிவமைப்பு தொடங்க வேண்டும். சிலர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஆனால் மொழி தெரியாதவர்கள். வணக்கமும் நன்றியும் எண்களும் தெரியும், அவ்வளவுதான். சிலர் மொழியில் ஊறிய முதியவர்கள். மீன்பிடியும் நடவும் ஊர்க்கதையும் அவர்களுக்கு அத்துப்படி, முப்பது பிள்ளைகளை ஐம்பது நிமிடம் கட்டிவைப்பதுதான் புது வேலை. இவர்களுக்கு நடுவே ஒரு கூட்டம் இப்போது உருவாகியிருக்கிறது: இதே பள்ளிகளில் படித்து வெளியேறிய இளைஞர்கள். ஹிலோவுக்கு அருகே கேயாஆவிலுள்ள நாவாஹீ பள்ளியின் முதல் மாணவர்கள் 1999-இல் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களில் சிலர் இன்று அதே மாதிரி வகுப்பறைகளுக்கு ஆசிரியர்களாகவே திரும்பியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிப் பள்ளிகளிலும் இதே கலவைதான். ஆசிரியர் பட்டம் இல்லாவிட்டாலும் மொழித்திறமும் மரபறிவும் உள்ளவரை வகுப்பெடுக்க அனுமதிக்கும் வரையறுத்த உரிமம் ஒன்றை அந்நாடு வைத்திருக்கிறது. ஒரே பாடக்குறிப்பை இந்த மூவர் கையிலும் திணிக்கும் கருவி, மூவருக்கும் உதவாது.

சந்தையில் இன்று கிடைக்கும் கருவிகள் அதைத்தான் செய்கின்றன. மேஜிக்ஸ்கூல் போன்ற சேவைகளில் வகுப்பையும் பாடத்தையும் தட்டினால் நொடிகளில் நோக்கங்கள், செயல்பாடுகள், பயிற்சித்தாள், மதிப்பீடு என்று நான்கு பக்கம் கொட்டும். அமெரிக்க ஆங்கிலப் பள்ளியில் அது ஓரளவு வேலை செய்யும். அதையே ஹவாயி மொழியில் தா என்று கேட்டாலும் தரும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வருவது ஆங்கிலப் பாடம். மேலே ஹவாயிச் சொற்களைப் பூசியிருக்கும். மொழி தெரியாத மாற்று ஆசிரியருக்கு அது அச்சு அசலாகத் தெரியும். பிழையைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்.

இயந்திரம் எங்கிருந்து ஹவாயி மொழியைக் கற்றது என்பதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் அந்த மொழியில் இருப்பது கொஞ்சம். இருப்பதிலும் பெரும்பங்கு பழைய செய்தித்தாள்கள். அவற்றில் நெடில் குறியும் தொண்டையில் நிறுத்தி ஒலிக்கும் ஒலிக்கான குறியும் பெரும்பாலும் இல்லை. இன்றைய பள்ளிகளில் அந்தக் குறிகள் இல்லாமல் எழுதினால் தப்பு. பக்கங்கள் மங்கியவை, எழுத்துகள் தேய்ந்தவை. 2011-இல் தொண்டர்களைத் திரட்டி அந்தப் பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்யவைத்த இயக்கம் ஒன்றே நடந்தது என்றால், இயந்திரம் அவற்றைப் படித்த லட்சணம் விளங்கும். இன்னொரு பங்கு, வேறு இயந்திரங்கள் மொழிபெயர்த்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் ஹவாயி 2016-இலேயே சேர்ந்துவிட்டது. அன்று முதல் அதன் வாக்கியங்கள் இணையத்தில் படிந்து, அடுத்த இயந்திரத்துக்குத் தீனியாகின்றன. இந்தச் சுழற்சி எங்கே போய் முடியும் என்பதை கிரீன்லாந்து காட்டியது. மொழி தெரியாதவர்கள் இயந்திரத்தின் துணையோடு எழுதிக் குவித்த கட்டுரைகளால் கெட்டுப்போன கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடிவிடுவதென்று 2025-இல் முடிவானது. மொழிமேல் அக்கறை கொண்ட அதன் நிர்வாகிதான் மூடச்சொல்லிக் கேட்டவர்.

ஹவாயிப் பள்ளிகள் இந்தப் பாடத்தை ஒருமுறை தேர்வுகளில் படித்துவிட்டன. ஆங்கிலத்தில் எழுதிய மாநிலத் தேர்வை ஹவாயி மொழிக்குப் பெயர்த்து வைத்தபோது பெற்றோர் பலர் பிள்ளைகளை எழுதவிடாமல் நிறுத்தினார்கள். 2014-15 கல்வியாண்டில், மானோவாவிலுள்ள ஹவாயிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதலிலிருந்தே ஹவாயி மொழியில் சிந்தித்து எழுதிய காஏயோ தேர்வு வந்தது. மூன்று, நான்காம் வகுப்புகளில் தொடங்கி மேலே விரிந்தது. தேர்வுக்கு ஏற்றுக்கொண்ட அந்த நெறியைப் பாடக்குறிப்புக்கு மட்டும் தளர்த்துவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆகவே இந்த உரை முன்வைக்கும் யோசனை கொஞ்சம் கடுமையானது. பிள்ளைகளின் காதுக்கும் கண்ணுக்கும் போகும் ஹவாயி வாக்கியம் எதையும் கருவி சொந்தமாக எழுதக் கூடாது. அது தேடி எடுக்கலாம், அடுக்கலாம், சுருக்கமான நிரலாகக் கோக்கலாம். மாற்று ஆசிரியருக்கு மட்டும் படிக்க ஆங்கிலக் குறிப்பு எழுதலாம். ஹவாயி மொழியில் வரும் ஒவ்வொரு வரியும் ஓர் ஆசிரியர் எழுதியதாகவோ, ஒரு முதியவர் பேசியதாகவோ, அச்சில் வந்ததாகவோ இருக்க வேண்டும். யாருடையது, எந்தப் பள்ளியின் வழக்கு என்ற விவரம் கூடவே ஒட்டியிருக்க வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லக் கருவிக்குத் தெரிய வேண்டும். பொறியாளர்களுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும். இயந்திரத்தின் பெரிய வித்தையே சரளமாக எழுதுவது. அதைக் கட்டிப்போடச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

தேடி எடுக்க எங்கே இருக்கிறது சரக்கு? நினைப்பதைவிட நிறைய இருக்கிறது. ஹிலோ பல்கலைக்கழகத்தின் ஹவாயி மொழிக் கல்லூரியும், பூனானா லேயோ மழலையர் பள்ளிகளை நடத்தும் அஹா பூனானா லேயோ அமைப்பும் பல ஆண்டுகளாகப் பாடநூல்கள் செய்துவந்திருக்கின்றன. உலுகாவ் என்ற மின்னூலகத்தில் அகராதிகளும் நூல்களும் பழைய செய்தித்தாள்களும் இருக்கின்றன. புதுச் சொற்களை ஆக்கும் குழு ஒன்று 1987 முதல் இயங்கி, மாமகா கையாவோ என்ற கலைச்சொல் அகராதியைக் கொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய களஞ்சியம் ஆசிரியர்களின் அலமாரியில் இருக்கிறது. விலைக்கு வாங்கப் பாடப்பொருள் கிடைக்காததால் ஒவ்வொருவரும் தானே செய்தவை: சுவர்ப்படங்கள், எண் அட்டைகள், கதைச் சுருக்கங்கள், பதிவுசெய்த பாட்டுகள்.

இந்தப் பள்ளிகளுக்குக் கணினி புதிதும் அல்ல. 1994-இலேயே ஹிலோவில் லேயோகீ என்ற மின் அறிவிப்புப் பலகையை முழுக்க ஹவாயி மொழித் திரையோடு அமைத்து, தீவுக்குத் தீவு பிரிந்து கிடந்த பள்ளிகளை இணைத்தார்கள். இணைய உலாவியே பலருக்கு எட்டாத காலம் அது. பட்டன், பட்டியல், அறிவிப்பு எல்லாம் ஹவாயி மொழியில் இருந்தன. புதுக் கருவி செய்யப் போகிறவர்கள் முப்பது ஆண்டு பின்னால் போய் அந்தத் தரத்தை எட்டினாலே பெரிய காரியம்.

இனி ஓர் உதாரணம். நான்காம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை. வந்திருப்பவர் மொழி தெரியாத, பயிற்சி பெற்ற ஆசிரியர். பள்ளி அலுவலகத்தில் அவர் கையில் கிடைப்பது ஒரே ஒரு தாள், அச்சிட்டது. திரை வேண்டாம், இணையமும் வேண்டாம். கைப்பேசியிலோ அலுவலக மடிக்கணினியிலோ கேட்க ஒலிப்பதிவு மட்டும் தனியே. முதலில் காலைப் பாட்டுக்கான பதில்: வகுப்பாசிரியரின் குரலிலேயே பதிவானது. அதைப் பத்து நிமிடம் கேட்டுச் சொல்லிப் பார்க்கலாம். வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தாளில் இருக்கிறது, அடுத்த அறை ஆசிரியரின் பெயரோடு. இரண்டாவது, வகுப்பில் அன்றாடம் புழங்கும் பதினைந்து இருபது வாக்கியங்கள்: உட்காருங்கள், புத்தகத்தை எடுங்கள், யாருக்கு விடை தெரியும், நன்றாகச் செய்தாய். இவை அந்த வகுப்பாசிரியர் தினமும் சொல்லும் வடிவத்திலேயே இருக்க வேண்டும். அகராதி வடிவம் பிள்ளைகளுக்கு அந்நியமாக ஒலிக்கும். இந்தச் சிறு மூலதனத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு பாடவேளையை ஆங்கிலம் இல்லாமல் ஓட்டிவிட முடியும், அதற்கேற்ற வேலையைத் தேர்ந்துகொண்டால்.

அந்தத் தேர்வில்தான் கருவியின் புத்தி தெரிய வேண்டும். மொழி தெரியாதவர் வந்த நாளில் புதுப் பாடம் தொடங்கக் கூடாது. போன வாரம் படித்த பின்னங்களைப் பலகையில் எண்களாலும் படங்களாலும் திரும்பச் செய்யலாம். கணக்கில் சைகையும் எழுத்தும் பாதிப் பேச்சைத் தாங்கும். வாசிப்பு வேளையில் ஆசிரியர் வாசிக்க வேண்டாம். பிள்ளைகள் வாசிக்கட்டும், பெரியவர் கேட்கட்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தைகளோடு இணைத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கதை சொல்லவைக்கலாம். அறையில் மொழி அறிந்தவர்கள் பிள்ளைகள்தான். கருவி அவர்களை நம்பித் திட்டம் போட வேண்டும். தலைகீழாகத் தோன்றுகிறதல்லவா? ஒரு நாளைக்கு அப்படி இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பெரியவர் ஒருவர் தங்களிடம் கற்றுக்கொள்ள முயல்வதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்பது இந்த உரையின் துணிபு.

முதியவர் வந்தால் தாள் வேறு. அவருக்கு எந்த வாக்கியமும் எழுதித் தரத் தேவையில்லை, தந்தால் அவமதிப்பு. பிள்ளைகள் இதுவரை எதைப் படித்திருக்கிறார்கள், எந்தப் பையன் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரமாட்டான், மணி எப்போது அடிக்கும், சாப்பாட்டுக்கு எந்த வாசலால் போக வேண்டும் என்பன போதும். மீதி நேரத்தில் அவர் பேசட்டும். அன்றைய பிறைநாளை வைத்தே ஒரு வகுப்பு நடத்திவிடுவார். ஹவாயி மரபில் மாதத்தின் ஒவ்வொரு இரவுக்கும் பெயர் உண்டு; நடுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் நல்ல இரவு, ஆகாத இரவு என்ற கணக்கு உண்டு. பல பள்ளிகள் இந்தச் சந்திர நாள்காட்டியைப் பாடத்தோடு பின்னியே நடத்துகின்றன. வாரநாள் மட்டும் தெரிந்த கருவிக்கு இது பிடிபடாது. சேப்பங்கிழங்குப் பாத்திக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளை அது செவ்வாய், வியாழன் என்று வகுத்துவிட்டு, அன்று என்ன பிறை என்பதை மறந்துபோகும்.

ஊரும் அப்படியே. ஹவாயி மக்கள் ஒவ்வொரு ஊரின் மழைக்கும் காற்றுக்கும் தனிப் பெயர் வைத்தவர்கள். ஹிலோவின் மழைக்கு கனிலெஹுவா என்று பெயர். ஓவாஹு தீவின் காற்றைப் பற்றிய பாட்டை எடுத்து ஹிலோ வகுப்பில் உள்ளூர்ப் பாட்டாக வைத்துவிட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிரித்துவிடும். சொற்களிலும் நீஹாவ் பேச்சு ஒன்று, பல்கலைக்கழகத்தில் கற்றவர்களின் பேச்சு இன்னொன்று. எது சரி என்று தீர்ப்புச் சொல்லக் கருவிக்கு உரிமையில்லை. பள்ளி எதைப் புழங்குகிறதோ அதைத்தான் அந்தப் பள்ளியின் தாள் காட்ட வேண்டும். பொது அகராதி அதற்குப் பின்தான்.

களஞ்சியத்தை நிரப்புவது யார் என்ற இடத்தில்தான் திட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் விடுப்பெடுக்கும் ஆசிரியரே மாற்று ஆசிரியருக்கான திட்டத்தை எழுதி வைக்க வேண்டும். சப் பிளான் என்பார்கள். காய்ச்சலோடு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து அதை எழுதுவதைவிட வகுப்புக்கே போய்விடலாம் என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. புதுக் கருவி அவர்கள் தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டினால் யாரும் தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு நிமிடம், கைப்பேசியில், ஹவாயி மொழியில், இந்த வாரம் என்ன நடந்தது என்று சொன்னால் போதும் என்று இருக்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் வேலையில் ஹவாயி மொழிக்கு இன்னும் பிழைகள் உண்டு. விஸ்பர் என்ற பொது மாதிரியை ஹவாயி உரைத்தொகுப்பின் துணையோடு செம்மைப்படுத்தும் ஆய்வுகள் 2024-இல் வெளிவந்தபோது முன்னேற்றம் சிறிதளவாகவே இருந்தது. பரவாயில்லை. எழுத்து பிழையாக இருந்தாலும் மூல ஒலி கையில் இருக்கிறது. மாற்று ஆசிரியருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஒலிதான்.

ஒலி என்றதும் அது யாருடைய சொத்து என்ற கேள்வி எழும். இதில் நியூசிலாந்தின் வடகோடியிலுள்ள கைதாயா ஊரின் தே ஹிகு மீடியாவைப் பார்க்காமல் இருக்க முடியாது. மாவோரி மக்களின் வானொலி நிலையம் அது. 2018-இல் மக்களைக் கூப்பிட்டு வாசிக்கவைத்து, பத்து நாளில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட மாவோரிப் பேச்சைச் சேர்த்தார்கள். அதைக் கொண்டு தாங்களே பேச்சறியும் மென்பொருள் செய்தார்கள். வெளிநாட்டு நிறுவனம் காசு கொடுத்துக் குரல்களைக் கேட்டபோது தர மறுத்தார்கள். காப்பாளர் பொறுப்பை அடிப்படையாகக் கொண்ட கைத்தியாகிதங்கா என்ற தனி உரிமம் எழுதினார்கள்: தரவு மக்களுடையது, நிலையம் அதன் காவலர், மக்களுக்குப் பயன்படாத வேலைக்கு யாருக்கும் அனுமதியில்லை. அந்த நிலையத்தின் தலைமைச் செயல் அலுவலர் பீட்டர்-லூக்கஸ் ஜோன்ஸ். தொழில்நுட்பத்தை முன்னின்று நடத்தியவர் கியோனி மஹெலோனா, ஹவாயிக்காரர். கடல் கடந்த இரண்டு தீவு மக்களின் உறவு இப்படி மென்பொருளிலும் தொடர்கிறது.

ஹொனோலுலுவில் 2019-இல் பழங்குடி மக்களின் நோக்கில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பயிலரங்குகள் நடந்தன. பொருள்களைப் படம் பிடித்தால் ஹவாயிப் பெயர் சொல்லும் ஹுவா கியீ என்ற மாதிரிச் செயலி ஒன்றையும் அங்கே செய்துபார்த்தார்கள். அங்கே பேசப்பட்டதும் இதுதான்: எந்த அறிவு எல்லோருக்கும் திறந்தது, எது ஒரு குடும்பத்துக்கோ பள்ளிக்கோ மட்டும் உரியது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பாடக்குறிப்புக் கருவிக்கு இது அன்றாடப் பிரச்சினை. காலைப் பாட்டுகளில் சில பள்ளிக்கென்றே இயற்றியவை. ஒரு முதியவர் சொன்ன மீன்பிடித் துறையின் விவரம் அவர் வீட்டாருக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். அவற்றைக் கலிபோர்னியாவிலோ வர்ஜீனியாவிலோ உள்ள கணினிக்கு அனுப்பி, அடுத்த மாதிரியின் பயிற்சிக்கு விட்டுவிடுவது திருட்டுக்குச் சமம். களஞ்சியம் பள்ளியின் சொந்தக் கணினியிலோ, சமூகம் நடத்தும் கணினியிலோ இருக்க வேண்டும். வகுப்பறையில் பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்யும் வசதியே கருவியில் இருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இந்தக் கருவியால் நேரக்கூடிய பெரிய ஆபத்து மொழிப்பிழை அல்ல. அது நிர்வாகத்தின் வசதி. நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, லானாயி மாதிரி ஒரு தீவில் ஆசிரியரை நியமிக்காமல், ஒரு கைக்கணினியையும் மொழி தெரியாத மாற்று ஆசிரியரையும் வைத்து முயற்சி எடுத்தாயிற்று என்று கணக்குக் காட்ட முடியும். ஒரு நாள் இரண்டு நாளுக்கென்று செய்த கருவி ஓராண்டுக்கு நீளும். இதைத் தடுக்கும் வழியைக் கருவிக்குள்ளேயே வைக்க வேண்டும்: ஒரே வகுப்பில் தொடர்ந்து சில நாள்களுக்கு மேல் மாற்றுத் தாள் கேட்டால் அது நின்றுவிட வேண்டும், பள்ளிக் குழுவுக்கும் பெற்றோருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். விற்கிற நிறுவனம் எதுவும் இதை விரும்பாது. வாங்குகிறவர்கள்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

வெற்றியை எப்படி அளப்பது? எத்தனை பாடக்குறிப்புகள் உருவாயின என்ற எண் பயனற்றது. அன்று எத்தனை பாடவேளை ஹவாயி மொழியில் ஓடியது என்று மாற்று ஆசிரியரே தாளின் அடியில் குறிக்கலாம். திரும்பி வந்த வகுப்பாசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்ததா என்று கேட்கலாம். அடுத்த முறை கூப்பிட்டபோது அதே மாற்று ஆசிரியர் வரச் சம்மதித்தாரா என்பது மூன்றாவது அளவு. சிறு தீவுகளில் இந்த மூன்றாவதுக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்று நான்கு முறை வந்துபோனவருக்குப் பாட்டு பழகிவிடும், வாக்கியங்கள் இருபதிலிருந்து நூறாகும். நியூசிலாந்தின் வரையறுத்த உரிமம் போன்ற ஏற்பாடுகளால் அத்தகையவர்கள் நிரந்தர ஆசிரியராகும் பாதையில் கால் வைக்கலாம்.

இந்த அவையில் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் பலர் இருப்பதாகத் தெரிகிறது. பள்ளி மென்பொருள்கள் பல சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உள்ள மேசைகளில் எழுதப்படுகின்றன. நாளை இப்படியொரு வேலை உங்கள் மேசைக்கு வரலாம். வந்தால், மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று பேருக்குச் செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்: களஞ்சியத்தைச் சரிபார்க்கும் ஆசிரியருக்கு, குரல் கொடுக்கும் முதியவருக்கு, தாளைக் கையில் வைத்து வகுப்பில் நின்று பார்க்கும் மாற்று ஆசிரியருக்கு. மூவருக்கும் பொறியாளருக்குக் கொடுக்கும் மணிக்கூலியையே கொடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.